பள்ளிப் பெயரில் மட்டும் மிச்சமிருந்த தோட்டம்

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஈப்போ புறநகரில் நான் தற்காலிக ஆசிரியையாக இருக்கும் தமிழ்ப்பள்ளியின் வாசலில், மழை விடட்டும் என்று காத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தலைக்கு மேலே பள்ளியின் பெயர்ப்பலகை. தினமும் அதன் கீழேதான் போய் வருகிறேன். அன்றைக்குத்தான் அதை நிதானமாக வாசித்தேன். ஒரு தோட்டத்தின் பெயர், அதன் பின்னால் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி'. எதிரே பார்த்தால் கார் கழுவும் கடை, அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னால் வரிசையாக மாடி வீடுகள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு ரப்பர் பால்மரம்கூட இல்லை.

எங்கள் மலேசியாவில் இது புதிதில்லை. தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்துபோனால், அந்தப் பள்ளியின் உரிமத்தை மட்டும் எடுத்துவந்து, ஆள் நடமாட்டம் உள்ள தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், புதுக் கட்டடம் எழுப்புவார்கள். பெயர் கூடவே வந்துவிடும். தோட்டம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சமயம் மாவட்ட அளவில் ஓர் ஆய்வறிக்கைப் போட்டி வந்திருந்தது. தலைப்பு, பேராக் மாநில வரலாறு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேரை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஆறு பேரும் ஒரே இணையப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஈயம், ஆறு, அரண்மனை, சுண்ணாம்புக் குன்று. ஒருவன் கடைசி வரியாக, 'இந்தப் பக்கம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?' என்பதையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகச் சலிப்பு. பெயர்ப்பலகையைப் பார்த்த அந்த நிமிடம், மழையைப் பொருட்படுத்தாமல் வகுப்பறைக்குத் திரும்பி ஓடினேன். நான் அப்படித்தான், ஏதாவது தோன்றிவிட்டால் மறுநாள்வரை பொறுக்க முடியாது.

பிள்ளைகள் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். "நம்ம ஸ்கூல் பேர்ல இருக்கற தோட்டம் எங்க இருக்கு, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"இதான் டீச்சர் தோட்டம்," என்றான் ஒருவன்.

"டேய், ஸ்கூல் பின்னால வெண்டக்கா போட்டிருக்காங்கல்ல, அதுதான்லா தோட்டம்," என்றான் அடிக்கோடு போட்டவன். வகுப்பிலேயே பெரிய வாயாடி அவன்தான்.

சிரிப்பு அடங்கியதும் கடைசி மேசையிலிருந்து ஒரு பிள்ளை, "நான் அங்கேருந்துதான் வந்தேன்," என்றாள். அவள் அதிகம் பேசாதவள்.

"பொய் சொல்லாதலா. நீ ஃபிளாட்லதான இருக்க?" என்றான் வாயாடி.

"முன்னால அங்க இருந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தன் பையை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு அவள் மட்டும் கதவோரம் நின்றாள். "டீச்சர், அறிக்கைக்காக அங்க உண்மையிலேயே போவோமா?" என்று கேட்டாள். போகலாமே, ஏன் கேட்கிறாய் என்றேன். "எங்கம்மாவ அங்கதான் பொதச்சிருக்கு," என்றாள். அழவில்லை. பேருந்து எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மீதியை அவளே சொன்னாள். அவள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா தவறிவிட்டார். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசிவரை இருந்த சில குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பிறகு நிலம் ஒரு நிறுவனத்துக்குக் கைமாறியது. எல்லோரும் காலிசெய்தார்கள். சடக்கோரம், சாலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில், இரும்புக் கதவு வந்தது, பூட்டு வந்தது. ஒவ்வொரு ஆண்டும் அம்மாவின் நினைவுநாளில் அப்பா அந்தக் கதவின் முன்னால் நின்று சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். "நாங்க கேட்டுக்குத்தான் டீச்சர் சூடம் காட்டுறோம்," என்றாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன், அவ்வளவு உற்சாகம். மாநில வரலாறு எங்கோ ஏட்டில் இல்லை, என் வகுப்பின் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அறிக்கையும் ஆகும், அவள் தன் அம்மாவின் குழிமேட்டைப் பார்த்த மாதிரியும் ஆகும். ஒரே கல்வி உலா, ஒரே கடிதம், இரண்டு வேலை.

அவள் அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். மகளை அழைத்துப்போக வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கு டீச்சர் வீண் வேல. அங்க ஒண்ணும் இல்ல."

"பள்ளி ஆய்வுன்னு எழுதிக் கேட்டா விடுவாங்கண்ணே."

"பொணத்துக்குச் சொந்தக்காரன விடாதவன், பாடத்துக்கு விடுவானா?" என்று சிரித்தார். வண்டியில் ஏறி இயந்திரத்தை முடுக்கியவர், கண்ணாடியை இறக்கி, "விட்டாலும் விடுவான். கேட்டுப் பாருங்க," என்றார்.

நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நாங்கள் தோட்டத்தை வரைந்தோம். அவள் அப்பாவின் பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தைப்பிங்கில் இருந்தார், இன்னொருவர் பாரிட் புந்தாரில். இருவரும் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்ப, பிள்ளைகள் மணிலா அட்டையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கோயிலுக்கு வலப்பக்கம்தான் தண்ணீர்த் தொட்டி என்றார் தைப்பிங்காரர். பாரிட் புந்தார்காரர் அனுப்பிய பதில் இதுதான்: "அவனுக்கு என்னம்மா தெரியும்? கள்ளுக்கடைக்கு வழி கேட்டா மட்டும் கரெக்டா சொல்லுவான். தொட்டி இடப்பக்கம்லா." பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தக் குரல்பதிவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், "ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா எத எழுதறது டீச்சர்?" என்று கேட்டாள். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த எனக்கு அந்தக் கேள்வி போதும், கால் தரையில் நிற்கவில்லை.

கோயிலில் நின்றால் தொட்டி வலமா, கோயிலைப் பார்த்து நின்றால் வலமா என்று அப்பாதான் வந்து சண்டையைத் தீர்த்துவைத்தார். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம், கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், மளிகைக்கடை, லயங்கள் எல்லாம் அட்டையில் ஏறின. அந்தப் பிள்ளை எதிலும் தலையிடவில்லை. கடைசியில், "சுடுகாட்ட எங்க போடறது?" என்று மட்டும் கேட்டாள். அப்பா விரலால் காட்டிய இடத்தில் அவளே பச்சை வண்ணம் தீட்டினாள்.

அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பழைய பள்ளி இருந்த இடத்தை மட்டும் பார்வையிடலாம். இடுகாட்டைப் பற்றி நான் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதினால் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடுவார்களோ என்ற பயம். உள்ளே போய்விட்டால் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நண்பரிடம் இரவல் வாங்கிய வேனை அப்பாவே ஓட்டினார். கோப்பெங் தாண்டியதும் பிள்ளைகளின் பாட்டுக்கச்சேரி தொடங்கிவிட்டது. பழைய சடக்கில் திரும்பி அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தினோம். கதவுத்தூணின் அடியில் சூடம் எரிந்து எரிந்து படிந்த கரி இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

காவலாளி நேப்பாளி. கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, தன் மோட்டார் சைக்கிளில் எங்கள் பின்னாலேயே வந்தார். வேன் உள்ளே கொஞ்ச தூரம் போய் நின்றது. ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கும் முன், "வழிய காணோம் டீச்சர்," என்றார் அப்பா.

எண்ணெய் எடுக்கும் செம்பனையாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். மரம் என்று எதுவுமே இல்லை. குன்று முழுவதும் வழித்தெடுத்த செம்மண். அடுக்கடுக்காக வெட்டிய தட்டுகள், நடுவே மழைநீர் அரித்த வாய்க்கால்கள். தூரத்தில் இரண்டு மண்வாரி இயந்திரங்கள் சனிக்கிழமை ஓய்வில் கைகளை மடக்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்கும் அப்பால், யாரும் தொடாத சுண்ணாம்பு மலைகள். பிள்ளைகள் மடியில் விரித்திருந்த அட்டையைப் பார்த்தார்கள், வெளியே பார்த்தார்கள். பாட்டு நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் தரை மட்டும் தப்பியிருந்தது. வாயாடி அதன் நடுவில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, "டீச்சர், நம்ம உண்மையான ஸ்கூல் இதுதானா? கேன்டீன் எங்க?" என்றான். படமெடுத்தோம். அறிக்கைக்கு அது போதும். காவலாளியும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பள்ளி மட்டும்தான், கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் மலாயில்.

அப்பா அவரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். என் மனைவி அங்கே இருக்கிறாள், என்றுதான் சொன்னார். காவலாளி அந்த வெற்றுச் சரிவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார். அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஆனால் எந்தப் பக்கம் போவது? சிமெண்ட் தரையில் நின்ற அப்பா இந்தப் பக்கம் கையைக் காட்டினார், உடனே அந்தப் பக்கம் காட்டினார். அடையாளம் சொல்ல ஒரு மரமில்லை, கூரையில்லை. பிறந்து வளர்ந்த இடத்தில் அந்த மனிதர் திசை தெரியாமல் நின்றார். அப்போது அவர் மகள்தான், "அம்மாகிட்ட உக்காந்தா அந்த மலை தெரியும்பா. அந்த வெள்ளத் தழும்பு கோயிலுக்கு நேர் மேல இருக்கும். தொட்டி கடைய மறைச்சிடும். கடை தெரியாது," என்றாள்.

சுண்ணாம்பு மலையின் நெற்றியில் பாறை பெயர்ந்த வெள்ளைத் தழும்பு ஒன்று எங்களுக்கும் தெரிந்தது. கோயிலும் தொட்டியும் கடையும்தான் இல்லை. அதற்குப் பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். அவற்றின் இடத்தில் நாங்கள் நிற்கிறோம் என்றார்கள்.

மண்ணைக் கிளறிப் பார்த்ததில் கோயிலின் அடிக்கல் வரிசை அகப்பட்டது. வகுப்பிலேயே உயரமான பையனை அதில் நிறுத்தினோம். தொட்டியின் நான்கு கான்கிரீட் கால்களும் தரைமட்டத்தில் முறிந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஒருத்தி. கடையின் வாசற்படி ஒன்று பாதி புதைந்து தெரிந்தது. அதில் வாயாடி.

"நான் ஏன் கடை? நான் தொரை பங்களாவா நிக்கிறேன்," என்றான்.

"தொரை பங்களா மேல. அவ்ளோ தூரம் ஏறுவியா?" என்றார் அப்பா. அந்தக் காலையில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"சரி சரி, கடை. மிட்டாய் வேணுமா டீச்சர்?"

அந்தப் பிள்ளை கோயிலுக்கும் வெள்ளைத் தழும்புக்கும் நேராக நின்றுகொண்டாள். பிறகு, கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினாள். கோயிலும் தழும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும், அப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் ஓர் இடத்தில் தொட்டி கடையை மறைக்கும். அதுதான் இடம். அப்பா பக்கத்திலேயே நடந்தார். நான் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதி மேடு வரையில் புதர் மண்டிய சில குழிமேடுகள் இருந்தன. செங்கல் பதித்தவை, பெயர் அழிந்தவை. அவற்றைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடை தெரியுதா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

"தெரியுது."

"இப்ப?"

"பாதி தெரியுது."

சட்டென்று அவர் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவள் குதிகாலுக்குப் பின்னால் தரை இல்லை. மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். கீழே, வெகு ஆழத்தில், கலங்கிய நீர் தேங்கிய பள்ளம். உதிர்ந்த மண்கட்டி ஒன்று விழுந்து தண்ணீரைத் தொடும் சத்தம் மேலே கேட்டது. இழுத்த வேகத்தில் இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் எழுந்து, விளிம்பில் நின்றபடி மறுபடி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"கடை இன்னும் தெரியுதுபா," என்றாள்.

இன்னும் சில அடி பின்னால் போகவேண்டும். போக இடமில்லை. அப்பா வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடு இருந்த இடத்தில், எங்கள் தலைக்கு நேர் உயரத்தில், ஒரு தைலாங்குருவி போய்க்கொண்டிருந்தது.

தூரத்திலிருந்து வாயாடி கத்தினான். அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. "நான் வேணும்னா கொஞ்சம் தள்ளி நிக்கவாலா?"

"நவுராத," என்று அவள் திரும்பக் கத்தினாள். "நீ கடை."

அவன் நகரவில்லை. வெயிலில், அந்தப் படிமேல், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நாங்கள் போதும் என்று சொல்லும்வரை நின்றான். அவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

பென்சில் பெட்டியில் அவள் சூடக்கட்டி கொண்டுவந்திருந்தாள். அதைக் கையில் எடுத்தாள். விளிம்பில் வைக்கலாமா என்று குனிந்தாள். பிறகு அதை மறுபடி பெட்டியிலேயே போட்டு மூடினாள். "இங்க இருந்த மண்ணெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள். கிளம்பும்போது காவலாளியிடம் கேட்டோம். லாரியில் போகிறது என்றார். கீழே ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைத் தூர்த்து, அதன்மேல் புதுத் தாமான் வரப்போகிறதாம்.

எங்கள் அறிக்கையில் முதல் அத்தியாயம் ஈயம். இரண்டாவது அத்தியாயம் ரப்பர். இரண்டாவதைத் தோண்டி முதலாவதில் கொட்டுகிறார்கள் என்று எந்த இணையப் பக்கத்திலும் நான் படித்ததில்லை.

திரும்பும் வழியில் செம்மண் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. சனிக்கிழமை என்றாலும் லாரிக்கு ஓய்வில்லை போலும். அதன் பின்கதவிலிருந்து ஈர மண் சிதறி எங்கள் கண்ணாடியில் தெறித்தது. அப்பாவின் கை துடைப்பானின் பொத்தான்வரை போய் அப்படியே நின்றது. வெகுதூரம் அவர் அதைத் துடைக்காமலே ஓட்டினார்.

திங்கட்கிழமை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகவே பேசினார்கள். அவர்களுடைய வரைபடத்தில் அந்த இடம் புதர்க்காடு என்றுதான் இருக்கிறதாம், இடுகாடு என்ற குறிப்பே இல்லையாம். என்னிடம் ஒரு வரைபடம் இருக்கிறது, பச்சை வண்ணத்தில் குறித்திருக்கிறது என்றேன். யார் வரைந்தது என்று கேட்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் என்று சொன்னேன். அனுப்பிவையுங்கள், பார்க்கிறோம் என்றார்கள்.

போட்டிக்கு அறிக்கையை அனுப்பினோம், பரிசு இல்லை. போட்டியின் பொறுப்பாசிரியை நல்லவர். "மாநில வரலாறு கேட்டா நீங்க ஒரு மேட்டோட வரலாற எழுதி வெச்சிருக்கீங்களே," என்று வருத்தமாகத்தான் சொன்னார். முடிவுரை இல்லாததற்கும் புள்ளி குறைத்திருந்தார்கள். கடைசிப் பகுதியை எழுதவேண்டியது அந்தப் பிள்ளைதான். நான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "இன்னும் முடியல டீச்சர்," என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்துத்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நான் எழுதாமல் இருந்திருந்தால், அவளுக்கு இன்னும் அந்தக் கேட்டுக்குப் பின்னால் அம்மா இருந்திருப்பார். சில நாள் இது என்னைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் அவள் அப்பாவிடமே இதைச் சொல்லிவிட்டேன். "இல்ல டீச்சர். சும்மா பூட்டப் பாத்துக் கும்பிட்டுட்டு இருந்ததுக்கு இது பரவால்ல," என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே சொன்னாரா, தெரியவில்லை.

மேட்டின் மறுபாதியில் அந்தக் குழிமேடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த வெட்டுக்கு முன்னால் நில அலுவலகத்தில் அவற்றைப் பதியவைக்க முடியுமா என்று பார்க்க, பிள்ளைகளின் வரைபடத்தைச் சுத்தமாக மறுபடி வரைந்துகொண்டிருக்கிறோம். இந்த முறை கடிதத்தில் இடுகாடு என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். தைப்பிங்காரரும் பாரிட் புந்தார்காரரும் யார் யாரை எங்கே புதைத்தது என்று மறுபடி குரல்பதிவில் சண்டை போடுகிறார்கள். இப்போது பிள்ளைகள் சிரிப்பதில்லை.

வரும் பள்ளி விடுமுறையில், அந்த மேட்டு மண்ணைக் கொட்டிய குட்டைகளைத் தேடிப் போகப்போகிறோம். அவளும் அப்பாவும் நானும், வந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் 'கடை'யும். அங்கே கேட் இல்லை, பூட்டு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்கிறார்கள். சூடக்கட்டி இன்னும் அவள் பென்சில் பெட்டியில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய மண்வெளியில் அதை எந்த இடத்தில் வைத்து ஏற்றுவது என்பதுதான் எங்களில் யாருக்கும் இன்னும் தெரியவில்லை.